பேராசிரியர் ஞானசௌந்தரி கேட்ட இரண்டாம் மெய்ப்பு

முப்பத்துநான்கு ஆண்டும் ஏழு மாதமும் எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையில் பணியாற்றி, 2026 மே திங்களில் பணி நிறைவு பெறும் முனைவர் ச. ஞானசௌந்தரி அவர்களுக்கு, அவருடைய பச்சை மையில் பலமுறை நனைந்து தேறிய துறையினர் கிழக்குத் தாம்பரத்தில் கூடி, உரக்க வாசித்து உவந்தளிக்கும் மடல்

சொல்லைப் பிரித்துச் சுவை காட்டியவரே! பகுதியையும் விகுதியையும் பந்தியில் பரிமாறியவரே! பேசுவோர் நாவில் பிழை பாராதவரே, எழுதுவோர் தாளில் பிழை பொறாதவரே! பதினான்காம் அறையின் பச்சைப் பேனாவே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

அம்மையீர், விளிகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். முதலில் எழுதிய வரைவில் இவற்றைத் தவிர இன்னும் பதினொன்று இருந்தன. அவை எப்படிப் போயின என்பது உங்களுக்குத் தெரியும். அவையோருக்குப் பிறகு சொல்கிறோம். துறையின் சார்பில் இதை எழுதும் தயாளனாகிய எனக்கு விளி எழுதுவதென்றால் கொள்ளை ஆசை. இருபத்திரண்டு ஆண்டுகளாக உங்கள் அறை வாசலுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். கட்டியவர்கள் எல்லாரும் இப்போது முதல் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

1991 அக்டோபரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை, தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி, புடவைக் கரை நனைய நடந்து வந்து இத்துறையில் சேர்ந்தீர்கள். அன்றைக்கே முதலாண்டு வகுப்பு. கரும்பலகையில் ‘வந்தனன்’ என்று எழுதி, பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று ஸ்கூட்டர் மெக்கானிக் வண்டியைப் பிரித்துப் பாயில் பரப்புவதுபோல் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தீர்கள். அதுவரை எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான். அதன் பக்கத்திலேயே ‘வந்துகினு’ என்று எழுதி, இதையும் கழற்றுங்கள் என்றீர்கள். வகுப்பு திகைத்தது. பிறகு ஒருவர் பேச, மற்றவர் மறுக்க, மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லையாம். அந்த வகுப்பில் கடைசி வரிசையில் இருந்த டெனிஸ் இன்று எங்கள் துறையில் ஆசிரியர். அன்று பேசத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை என்பதைத் துறைக்கூட்டங்களில் நீங்களே பார்க்கிறீர்கள்.

அங்கே தொடங்கியது அட்டைத் திருப்பணி. ‘கொண்டு’ என்ற ஒரு சொல் தாம்பரத்தைத் தாண்டுவதற்குள் கிட்டு என்றும் கினு என்றும் ண்டு என்றும் எத்தனை உடை மாற்றுகிறது, பொழிச்சலூரில் எதை உடுத்துகிறது, பெரும்பாக்கத்தில் எதைக் களைகிறது என்று காதால் கேட்டு, கையால் எழுதி, கட்டுக் கட்டாகச் சேர்த்தீர்கள். மேற்குத் தாம்பரம் சவுரிமுத்து அச்சகத்தில் பிழையாகிக் கழிந்த கல்யாணப் பத்திரிகைகளை அளவாக வெட்டி, வெற்றுப் பக்கத்தில் எழுதுவீர்கள். அதனால் உங்கள் அட்டைகளில் ஒரு பக்கம் ஒரு வினைச்சொல்லும், மறுபக்கம் யாரோ ஒரு மணமகளின் பாதிப் பெயரும் இருக்கும்.

அட்டைக்கு நான்கு மூலை, மூலைக்கு ஒரு செய்தி. முதல் மூலையில் சொல். அடுத்ததில் கேட்ட இடமும் நாளும். மூன்றாவதில் பேசியவரின் வயதும் வேலையும். நான்காவதில், பேசும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. மீன் அரிந்துகொண்டிருந்தார், பேருந்தில் சில்லறை தேடினார், பிள்ளைக்குத் தலை துவட்டினார் என்று எழுதியிருப்பீர்கள். பெயர் மட்டும் எழுதமாட்டீர்கள். யாரையும் ‘இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று கேட்கவும் மாட்டீர்கள். கேட்டால் மனிதர்கள் சட்டையைச் சரிசெய்துகொள்வதுபோல் பேச்சையும் சரிசெய்துகொள்வார்கள் என்பது உங்கள் கட்சி. ஒருமுறை கேட்பது, மனத்தில் வைப்பது, நாலு எட்டுத் தள்ளிப்போய் எழுதுவது. இந்தச் சட்டத்தை நீங்கள் ஒருநாளும் மீறியதில்லை.

பெயர் எழுதுவதில்லை என்ற சட்டம் மட்டும் ஒருமுறை உடைந்தது. உடைத்தவர் இதோ முன்வரிசையில் புதுப்புடவையில் அமர்ந்திருக்கும் கங்கையம்மாள். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து காலைப் பேருந்தில் கீரைக்கூடையோடு வந்து, நம் வாசலில் கடை விரிப்பவர். கீரை வாங்கிவிட்டு நாலு எட்டுத் தள்ளிப்போய் நீங்கள் எழுதுவதை அவர் ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். “இன்னாம்மா, நான் பேசுனத எய்திக்கினு என் பேர உட்டுட்டா எப்டி? பேரப் போடு மொதல்ல” என்றார். நீங்கள் மறுபேச்சில்லாமல் போட்டீர்கள். ஆறு அலமாரி அட்டைகளில் பெயரோடு இருப்பது அவர் ஒருவர்தான்.

இந்த உழைப்பை ஊரெல்லாம் உச்சிமுகர்ந்தது என்று சொல்ல மாட்டோம். 2008இல் வெளியூரிலிருந்து வந்த ஆய்வுக்குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “இதெல்லாம் கொச்சை. கொச்சைக்கு எதுக்கு அலமாரி?” என்று கேட்டார். நீங்கள் வடை கொண்டுவரச் சொன்னீர்கள். அவர் இரண்டாவது வடையைப் பிட்டுக்கொண்டே, “சட்னி இன்னும் கொஞ்சம் கெடக்குதா?” என்றார். நாலு எட்டுத் தள்ளிப்போய்த் திரும்பி வந்து அவர் முன்னால் ஓர் அட்டையை வைத்தீர்கள். சொல்: கெடக்குதா. வேலை: தமிழ்ப் பேராசிரியர். அப்போது செய்துகொண்டிருந்தது: வடையைச் சட்னியில் தோய்த்தல். பெரியவர் புரையேறும்வரை சிரித்தார். ஊருக்குப் போனதும் தம் கிராமத்துச் சொற்கள் பன்னிரண்டை அதே நான்கு மூலை முறையில் எழுதி அஞ்சலில் அனுப்பினார். அன்று முதல் துறையில் யாரும் உங்கள் எதிரே வாயில் எதையேனும் வைத்துக்கொண்டு பேசுவதில்லை.

பேச்சுக்கு இத்தனை பரிவு காட்டிய நீங்கள் எழுத்துக்குக் காட்டியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இத்துறையிலிருந்து வெளியேறும் எந்தத் தாளும், வினாத்தாளோ விழா அழைப்போ விடுப்பு விண்ணப்பமோ, உங்கள் பச்சைப் பேனாவைக் கடக்காமல் போனதில்லை. என் கல்யாணப் பத்திரிகையில் ஏழு இடம் திருத்தினீர்கள். எட்டாவதாக ஓரத்தில், ‘பெண் வீட்டாரிடம் கேட்டீர்களா?’ என்று எழுதினீர்கள். கேட்கவில்லை. மாமனார் பெயரின் முதலெழுத்து தவறாக இருந்தது. அந்தப் பச்சைக் கோடு இல்லாவிட்டால் என் இல்லறம் வழக்கோடு தொடங்கியிருக்கும்.

திருத்திய தாளின் அடியில் தவறாமல் ஒரு வரி எழுதுவீர்கள். ‘திருத்திய பின் இன்னொரு மெய்ப்புக் காட்டவும்.’ நாங்களும் அச்சகத்தாரும் புரூஃப் என்பதைத்தான் நீங்கள் ஒருநாளும் விடாமல் மெய்ப்பு என்றீர்கள். இன்னொரு மெய்ப்புக் காட்டும்வரை விடமாட்டீர்கள் என்பதால், இந்தத் துறையில் ஓய்வுபெற்ற ஒன்பது பேருடைய பாராட்டு மடல்களும் இரண்டுமுறை உங்கள் மேசைக்கு வந்துதான் கண்ணாடிச் சட்டத்துக்குள் போயின. அந்த வழக்கம்தான் எங்களை மாட்டிவிட்டது.

இனிச் சொல்வது எங்களுக்குப் பெருமை தராத பகுதி. சொல்லாமல் விட்டால் நீங்கள் ஓரத்தில் எழுதிவிடுவீர்கள்.

மார்ச் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. தேர்வு விடைத்தாள்களை வைக்க இடமில்லை. நீங்கள் ஓய்வுபெற்றதும் பதினான்காம் அறையைக் காலிசெய்து அதற்குக் கொடுக்க வேண்டும் என்றது. ஆறு அலமாரியும் அந்த அறையில்தான். நீங்கள் படித்துவிட்டு, “சரி” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள். நாங்களும், மேடமே சரி என்கிறாரே என்று அவரவர் வேலையைப் பார்த்தோம். உண்மையில் எங்களுக்கு நிம்மதியாகவே இருந்தது, ஏனென்றால் நீங்கள் கேட்டிருந்தால் நாங்கள் ஏதாவது செய்ய வேண்டியிருந்திருக்கும்.

ஏப்ரலில் உங்கள் மேசையடியில் கல்லூரி உணவகத்தின் காலி பிஸ்கட் பெட்டிகள் சேரத் தொடங்கின. எங்கள் துறை உதவியாளர் சக்திவேல், திருநீர்மலைக்காரர், எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர், ஒருநாள் என்னிடம் வந்தார். “சார், மேடம் வூட்ல கட்டிலுக்கு அடியில எவ்ளோ ஒசரம் கீதுன்னு நூல் புட்ச்சி அளந்து எட்த்தாந்துகீறாங்க. அந்த நூல வெச்சி பெட்டிங்கள அளந்துகினு கீறாங்க” என்றார். உங்கள் சேலையூர் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை என்பதும், ஓர் அறை உங்கள் தங்கையுடையது என்பதும் எங்களுக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் ஒன்றரை அலமாரி அட்டை கொள்ளும். மீதி நாலரையை விட்டுவிட வேண்டும். ஆறிலும் எதை விடுவது, எதை எடுப்பது என்று நீங்கள் மதிய உணவு வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்துக்கொண்டிருந்தீர்கள். எதிர் மேசைக்காரனாகிய நான் அதைச் சன்னல் வழியே பார்த்தேன். பார்த்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்து, உங்களுக்குப் பாராட்டு மடல் எழுதினேன்.

எழுதியது சாதாரணமாகவா? விளி மட்டும் ஒரு முழுப் பக்கம். இலக்கணக் கடலே என்றேன், இமயமே என்றேன், ஈடிணையற்ற ஈகையே என்றேன், அனைவருக்கும் அன்னையே என்றேன். படித்துக் காட்டியபோது துறையினர் கைதட்டினார்கள். உங்களுக்குத் தெரியாமல் அச்சடித்து, சட்டமிட்டு, மேடையில் திடுக்கிட வைப்பது என்று பேசிக்கொண்டோம். நான் நேரே போய்ச் சவுரிமுத்துவிடம் கொடுத்து, நல்ல தாளில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்ல மறந்தேன்.

நான்கு நாள் கழித்துப் போனால், சவுரிமுத்து மலர்ந்த முகத்தோடு, “மேடம் பாத்து அனுப்பிட்டாங்க சார்” என்று ஓர் உறையை நீட்டினார். “யாரு உங்கள மேடத்துக்கிட்ட அனுப்பச் சொன்னது?” என்று கத்தினேன். அவர் நிதானமாக, “யாரு சார் சொல்லணும்? முப்பது வருஷமா உங்க டிபார்ட்மெண்ட் புரூஃப் மேடம் பாக்காம பிரிண்ட் ஆனதே இல்ல. நீங்க வேணாம்னு சொல்லல, நான் அனுப்பிட்டேன்” என்றார். அவரைக் குற்றம் சொல்ல வழியில்லை. ஓய்வுபெறுகிறவரிடமே அவருடைய பாராட்டு மடலைத் திருத்தக் கொடுத்த துறை தமிழ்நாட்டில் வேறு இருக்காது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? இது என்னைப் பற்றியது என்று திருப்பி அனுப்பவில்லை. வெட்கப்பட்டு அப்படியே விட்டுவிடவும் இல்லை. மற்ற எல்லாத் தாளையும் எப்படித் திருத்துவீர்களோ அப்படியே இதையும் திருத்தினீர்கள். ‘கடலே’ என்பதை அடித்து, ‘அளந்து பார்த்தீர்களா?’ என்று எழுதியிருந்தீர்கள். ‘ஈடிணையற்ற’ என்பதன் பக்கத்தில், ‘எத்தனை பேரோடு ஒப்பிட்டது?’ ‘அன்னையே’ என்பதன் பக்கத்தில், ‘உங்களில் ஒருவரையும் நான் பெறவில்லை.’ நாற்பதாண்டுப் பணி என்று நான் அள்ளி விட்டதை முப்பத்துநான்கு ஆண்டு ஏழு மாதம் ஆக்கினீர்கள். நன்றி சொல்லும் இடத்தில், ‘சக்திவேல் பெயர் விடுபட்டுள்ளது; முப்பதாண்டுகளாக அலமாரியில் கரையான் ஏறாமல் காத்தவர்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். இன்று வாசித்த விளிகளை மட்டும், ஏனோ, அடிக்காமல் விட்டிருந்தீர்கள். அவற்றில் பச்சைப் பேனாவும் ஒன்று என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கடைசிப் பத்தியில் நான் எழுதியிருந்தது இது: ‘தாங்கள் சேர்த்த முப்பத்தோராயிரத்து நானூற்றாறு சொல்லட்டைகளும் காலமெல்லாம் நிலைத்து நிற்கும்.’ அதை நீங்கள் அடிக்கவில்லை. ‘நிலைத்து நிற்கும்’ என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தீர்கள்: ‘எங்கே? யார் கையில்?’

அடியில் வழக்கமான வரி. ‘திருத்திய பின் இன்னொரு மெய்ப்புக் காட்டவும்.’

அந்தத் தாளைத் துறை ஓய்வறையில் நடுமேசையில் வைத்தேன். எல்லாரும் படித்தார்கள். முதல் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தவர்கள் கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். நீங்கள் எங்களிடம் முப்பத்துநான்கு ஆண்டில் ஒன்றுமே கேட்டதில்லை. அன்று கேட்டதும் உங்களுக்காக இல்லை. ஒரு தாளில் செய்தி குறைகிறது என்ற முறையில்தான் கேட்டீர்கள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அதை இந்த அவையில் சொல்வதில் எங்களுக்கு இப்போது வெட்கமில்லை.

எங்கள் துறையில் வயதில் இளையவரான எப்சிதான் முதலில் வாயைத் திறந்தார். மேலே குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்த ஏசியை அண்ணாந்து பார்த்து, “சார், விடைத்தாள் வைக்க ஒரு ரூம்தானே வேணும்? இந்த ரூமைக் குடுத்துடலாமே” என்றார். அவையோர் ஒன்றை அறிய வேண்டும். துறையில் ஏசி உள்ள ஒரே அறை அந்த ஓய்வறை. அதற்காக நாங்கள் ஐந்தாண்டு விண்ணப்பம் போட்டோம். அந்த விண்ணப்பங்களையும் நீங்கள்தான் திருத்தினீர்கள். கத்திரி வெயில் வாசலில் நிற்கிறது. நான் கொஞ்சம் இருமிப் பார்த்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

கல்லூரி முதல்வரிடம் போனோம். பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராகப் போனோம். அவர், “எனக்கு ஒரு ரூம் வேணும், அவ்வளவுதான். பதினாலுல யாரும் இருக்கமாட்டாங்கன்னு நினைச்சேன். நீங்க ஏன் முன்னாடியே சொல்லல?” என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்த காரியத்துக்கு இரண்டு மாதம் வாய்மூடி இருந்திருக்கிறோம். இப்போது விடைத்தாள்கள் ஏசியில் இளைப்பாறுகின்றன. நாங்கள் பதினான்காம் அறையில் ஆறு அலமாரிகளுக்கு நடுவே வியர்வை வழிய உட்கார்ந்திருக்கிறோம். ஒருவரும் குறை சொல்லவில்லை. நான் மட்டும் தினமும் கொஞ்சம் சொல்கிறேன்.

இடம் கிடைத்தால் போதுமா? அட்டைகளைப் பூட்டி வைத்தால் அவை வெறும் பழைய கல்யாணப் பத்திரிகை. இந்த ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. பெரும்பாக்கத்தில் புதிதாக நூறு குடும்பம் வந்து இறங்கினால் நூறு வீட்டுப் பேச்சும் சேர்ந்துதான் இறங்குகிறது. ஆகவே ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டு, உங்களுக்குத் தெரியாமல் ஒரு வாரம் பழகிப் பார்த்தோம்.

முதல் நாள் என்னுடையது. பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தேன். ஓட்டுநர் அருமையாக ஒரு வினைச்சொல் சொன்னார். ஹாரன் சத்தத்தில் பாதி போய்விட்டது. ஆசை யாரை விட்டது, “அண்ணா, இன்னொரு தபா சொல்லுங்க” என்றேன். அவர் என் சட்டைப்பையில் பேனாவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், “தாங்கள் எவ்விடம் இறங்க வேண்டும் ஐயா?” என்றார். தாம்பரம் சானடோரியம் வரைக்கும் மேடைத்தமிழிலேயே ஓட்டினார். உங்கள் சட்டத்தின் அருமை எனக்கு அன்றுதான் விளங்கியது. அந்த வாரம் ஜெயஸ்ரீ பொழிச்சலூர் மாவு மில்லில் மூன்று அட்டை எழுதினார், அன்பு பேருந்தில் இரண்டு எழுதினார், சக்திவேல் திருநீர்மலை அடிவாரத் தேநீர்க் கடையில் ஒரே காலையில் ஒன்பது எழுதிவிட்டு, இதற்கா இத்தனை பேர் என்பதுபோல் எங்களைப் பார்த்தார். என் கணக்கு இன்னும் பூஜ்யத்தில் இருக்கிறது.

முதல் அட்டை எப்சியுடையது. அவர் வாசலில் முளைக்கீரை வாங்கப் போனார். மேடம் இந்த மாதத்தோடு ஓய்வுபெறுகிறார் என்று கங்கையம்மாளிடம் சொன்னார். கங்கையம்மாள் கீரைக்கட்டை உதறித் தண்ணீர் தெளித்துக்கொண்டே, “ரிட்டேரா? எய்துற அவுங்களுக்குத்தான ரிட்டேரு. பேசுற நாங்கோ யாரும் ரிட்டேரு ஆவலியே. நீ எய்திக்கினு போ” என்றார். எப்சி மறுபடி கேட்கவில்லை. நாலு எட்டுத் தள்ளிப்போய் எழுதினார். எண் 31,407. சொல்: ஆவலியே. வேலை: கீரை வியாபாரம். அப்போது செய்துகொண்டிருந்தது: கீரைக்குத் தண்ணீர் தெளித்தல். பெயர்: கங்கையம்மாள். அந்தப் பெயரை விட்டால் என்ன நடக்கும் என்பது எப்சிக்குத் தெரியும்.

அம்மையீர், நீங்கள் திருத்திய முதல் மெய்ப்பை உங்களுக்குத் தரமாட்டோம். அது மூன்றாம் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. இனிமேல் இத்துறையில் யார் யாரைப் பாராட்டுவதென்றாலும் அதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும். உங்கள் மேசையடி பிஸ்கட் பெட்டிகளையும் சக்திவேல் உணவகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீங்கள் கட்டிலடியை அளந்து முடிச்சுப் போட்டு வைத்த நூல் மட்டும் எங்களிடம் இருந்தது. இந்தக் கண்ணாடிச் சட்டத்தோடு ஒரு சாவி தருகிறோம். பதினான்காம் அறையின் இரண்டாவது சாவி அது. அந்த நூலில்தான் கோத்திருக்கிறோம்.

வாழ்த்தும் முறையில் ஒன்று சொல்லி முடிக்க வேண்டும். நூறாண்டு வாழ்க என்று எழுதினால், ‘எந்தக் கணக்கில்?’ என்று கேட்பீர்கள். ஆகவே இப்படி வாழ்த்துகிறோம்: திருநீர்மலைப் படிகளை முட்டி நோகாமல் ஏறி, மேலே மூச்சு வாங்குகிறவர்கள் என்ன சொல்லி உட்காருகிறார்கள் என்று கேட்கும் உடலும், நெரிசல் பேருந்தில் பின்னிருக்கைப் பேச்சும் தப்பாமல் விழும் காதும், பச்சை மை உலராத பேனாவும், தங்கையோடு சண்டைபோட்டுச் சமாதானமாகும் உற்சாகமும் உங்களுக்கு நீண்ட நெடுங்காலம் வாய்க்கட்டும். கட்டிலுக்கு அடியில் செருப்பும் பெட்டியும் மட்டும் இருக்கட்டும். உங்களை நாங்கள் மிகவும் நேசிக்கிறோம்; இதை எந்த விளியிலும் எழுதவில்லை என்பதால் வெறும் வரியாக எழுதுகிறோம்.

நீங்கள் கேட்ட இன்னொரு மெய்ப்பு இதுதான். ஓரத்தில் நீங்கள் எழுதிய இரண்டு கேள்விகளில் ‘எங்கே?’ என்பதற்குச் சாவி விடை. ‘யார் கையில்?’ என்பதற்குக் கீழே உள்ள ஒப்பங்கள் விடை.

திங்கள்: தயாளன்
செவ்வாய்: எப்சி
புதன்: ஜெயஸ்ரீ
வியாழன்: டெனிஸ்
வெள்ளி: அன்பு
சனி: சக்திவேல்
வாரம் முழுவதும்: கங்கையம்மாள் (பேசுவதற்கு)